எது உண்மையான பீட்சா?

அன்னாசித் துண்டுகள் தூவிய பீட்சா மேசைக்கு வந்தால் போதும். சுற்றி அமர்ந்திருப்போர் இரு கட்சியாகப் பிரிந்துவிடுவர். “இதெல்லாம் பீட்சாவே இல்லை” என்பார் ஒருவர். “சுவையாக இருந்தால் போதாதா?” என்பார் மற்றொருவர். 2017ஆம் ஆண்டில் ஐஸ்லாந்து நாட்டு அதிபரே, தம்மால் முடிந்தால் பீட்சாவில் அன்னாசி சேர்ப்பதைத் தடை செய்துவிடுவதாக மாணவர்களிடம் வேடிக்கையாகக் கூறினார். அது உலகச் செய்தியாயிற்று. இந்த வேடிக்கைக்குப் பின்னால் சிந்திக்க வேண்டிய வினா ஒன்று உள்ளது. ஓர் உணவை மாற்றிச் சமைப்பது அதன் மரபைக் கெடுப்பதாகுமா?

மரபைக் காக்க விரும்புவோரின் பக்கம் நியாயம் உண்டு. பீட்சாவுக்குப் புகழ் தேடித் தந்த நகரம் இத்தாலியின் நேப்பிள்ஸ். அங்குக் கோதுமை மாவு, நீர், உப்பு, ஈஸ்ட் ஆகிய நான்கை மட்டும் சேர்த்துப் பிசைந்து புளிக்க வைப்பர். உருட்டுக்கட்டையைத் தொடாமல் கையாலேயே வட்டமாக விரிப்பர். 400 டிகிரி செல்சியசுக்கும் மேல் கனலும் விறகடுப்பில் அது ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்திற்குள் வெந்துவிடும். சற்றுக் கவனம் சிதறினாலும் கருகிவிடும். பல ஆண்டுப் பழக்கத்தால் மட்டுமே கைகூடும் இத்திறனைக் காக்க, 1984இல் அந்நகரத்தில் ஒரு சங்கம் தோன்றிச் செய்முறை விதிகளை வகுத்தது. 2017இல் யுனெஸ்கோ இக்கலையைத் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. இத்தகைய முயற்சிகள் இல்லையெனில், விரைவும் மலிவுமே அளவுகோலாகி, இக்கைத்திறன் மெல்ல மறைந்துபோகக்கூடும்.

ஆயினும், மாறாமல் இருப்பது மட்டுமே மரபன்று. நேப்பிள்ஸ் பீட்சாவுக்குச் செந்நிறம் தரும் தக்காளியே இத்தாலிக்கு வந்த விருந்தாளிதான். அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிய அது, 16ஆம் நூற்றாண்டில்தான் ஐரோப்பாவை அடைந்தது. வேற்று மண்ணின் விளைபொருள் என்று அதனை அன்று ஒதுக்கியிருந்தால், இன்று காக்கப்படும் இந்த மரபே பிறந்திருக்காது.

பிழைப்புத் தேடி அமெரிக்கா சென்ற இத்தாலியர்களின் கதையும் இதையே உணர்த்துகிறது. நியூயார்க்கில் அவர்களுக்கு வாய்த்தது நிலக்கரி அடுப்பு. அதில் வெந்த பெரிய, மெல்லிய பீட்சா, பின்னாளில் துண்டு துண்டாக விற்கப்பட்டு, மடித்துப் பிடித்து நடந்துகொண்டே உண்ணும் உணவாயிற்று. சிகாகோவில் ஆழமான தட்டில் தடித்த பீட்சா உருவானது. அது நெடுநேரம் வேக வேண்டும் என்பதால், பாலாடைக்கட்டி கருகாதவாறு அதனை அடியில் இட்டுத் தக்காளிச் சாற்றை மேலே ஊற்றினர். கார் உற்பத்திக்குப் பெயர் பெற்ற டெட்ராய்ட் நகரிலோ, தொழிற்சாலைகளில் உதிரிப் பாகங்களை வைக்கப் பயன்பட்ட எஃகுத் தட்டுகள் பீட்சா தட்டுகளாயின. அதனால்தான் அவ்வூர்ப் பீட்சா சதுர வடிவம் பெற்றது என்பர். இவர்களுள் எவரும் மரபைக் கெடுக்க முனையவில்லை. கையில் கிடைத்ததைக் கொண்டு பசியாற்றினர், அவ்வளவே.

பழிக்கப்படும் அன்னாசி பீட்சாவும் அவ்வாறு பிறந்ததுதான். ‘ஹவாய்’ என்று பெயர் பெற்றிருந்தாலும் அது ஹவாய்த் தீவிலிருந்து வந்ததன்று. கிரேக்கத்திலிருந்து கனடாவில் குடியேறிய சாம் பனோபுலோஸ் என்பவர், 1962இல் தம் உணவகத்தில் டின்னில் அடைத்த அன்னாசியைச் சேர்த்துப் பார்த்தார். அந்த டின்னின் வணிகப் பெயரே பீட்சாவின் பெயராயிற்று.

ஆகவே, மரபைக் காப்பதும் புதுமை செய்வதும் பகையல்ல. நேப்பிள்ஸ் சங்கத்தின் விதிகள் நேப்பிள்ஸ் பீட்சாவுக்கு மட்டுமே உரியவை. பிறர் வேறு வகையில் சமைப்பதை அவை தடுப்பதில்லை. அவசரமாகச் செய்த ஒன்றை ‘நேப்பிள்ஸ் பீட்சா’ என்று கூறி விற்பதே தவறு. அன்னாசி சேர்த்து, அதனை அன்னாசி பீட்சா என்றே அழைப்பது தவறன்று. ஓர் உணவை “இது உண்மையானதன்று” என ஒதுக்கும் முன், அது எங்கே, யாரால், எந்தச் சூழலில் பிறந்தது என்று கேட்டறிவதே முறை. அதன் பிறகு அதனை உண்பதும் உண்ணாததும் அவரவர் விருப்பம்.