வைஃபைக்கும் பூட்டு வேண்டும்

கடையைப் பூட்டிய பிறகும் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் நாம். ஆனால், சுவரைத் தாண்டித் தெரு வரை பரவும் வைஃபை இணைப்பு பத்திரமாக இருக்கிறதா என்று நம்மில் எத்தனை பேர் பார்க்கிறோம்? கடையின் போன் நம்பரே பாஸ்வேர்டு. அதையும் கல்லாவுக்குப் பின்னால் எழுதி ஒட்டிவிடுகிறோம். பில் போடும் கம்ப்யூட்டரும், வந்து போகிறவர்களின் செல்போனும் ஒரே இணைப்பில்!

"யாரோ கொஞ்சம் பார்த்துவிட்டுப் போகட்டுமே" என்று சொல்லும் வணிகர்களும் உண்டு. தாராள மனம் நல்லதுதான். ஆனால் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ, அவர் வாசலுக்குத்தான் போலீஸ் முதலில் வரும். 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குப் பொறுப்பேற்று வந்த மின்னஞ்சல், நவி மும்பையில் சம்பந்தமே இல்லாத ஒருவரின் வைஃபை வழியாக அனுப்பப்பட்டிருந்தது. விசாரணைக்கு ஆளானவர் அவர்தான்.

வணிகத்துக்கு வரும் நஷ்டம் வேறு. அமெரிக்காவில் டி.ஜே.எக்ஸ். என்ற பெரிய சில்லறை வணிக நிறுவனத்தின் கடை வைஃபை வழியாக 2005இல் திருடர்கள் புகுந்தனர். அங்கே இருந்தது 'வெப்' என்னும் பழைய பாதுகாப்பு முறை. அதை உடைக்க முடியும் என்று நிபுணர்கள் 2001லேயே காட்டிவிட்டனர். நிறுவனம் முழுமையாக மாறுவதற்குள் 4 கோடியே 50 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் அட்டைகளின் விவரங்கள் பறிபோயின.

நாம் செய்ய வேண்டியதற்குப் பெரிய செலவில்லை. ரவுட்டரில் டபிள்யூ.பி.ஏ.2 அல்லது டபிள்யூ.பி.ஏ.3 முறை இருக்க வேண்டும். எளிதில் ஊகிக்க முடியாத நீண்ட பாஸ்வேர்டு வேண்டும். ரவுட்டருடன் வந்த அட்மின் பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டும். வாடிக்கையாளருக்கு 'கெஸ்ட்' இணைப்பைத் தனியாகக் கொடுத்து, பில் கம்ப்யூட்டரை அதில் சேர்க்காமல் வைக்க வேண்டும். வேலையாள் நின்றுவிட்டால் சாவியைத் திரும்ப வாங்குகிறோம். பாஸ்வேர்டையும் அன்றே மாற்றிவிட வேண்டும். இணைப்பின் பெயரை மறைத்துவிட்டால் போதும் என்பது வீண் நம்பிக்கை. மறைத்த பெயரையும் கண்டுபிடிக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

இணைப்புக் கொடுக்கும் நிறுவனங்களுக்கும் பொறுப்பு உண்டு. எல்லாக் கடைக்கும் ஒரே பாஸ்வேர்டைப் போட்டுவிட்டு ஆள் போய்விடுவது முறையல்ல. மாதம் தவறாமல் பணம் கட்டுகிற நாம், பாதுகாப்பையும் சேர்த்தே கேட்க வேண்டும். தனிக் கடைக்காரர் கேட்டால் காதில் விழாது. சங்கம் கேட்டால் விழும். வணிகப் பெருமக்கள் இதை அடுத்த கூட்டத்திலேயே பேசி முடிவெடுக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.