தேடுபொறியை நம்பி ஒரு தொழிலா?

எம்மவர் வீடுகளில் பிள்ளைகளின் எதிர்காலம் பற்றிய பேச்சு எழும்போது வைத்தியம், பொறியியல், கணக்கியல், சட்டம் ஆகிய நான்கிற்கும் வெளியே ஐந்தாவது சொல் ஒன்று வந்துவிட்டால் பெற்றோரின் முகம் வாடுவது வழக்கம். அவ்வாறு முகம் வாடச் செய்யும் சொற்களுள் ஒன்று ‘எஸ்.இ.ஓ.’ என்பது. தமிழில் இதனைத் தேடுபொறி உகப்பாக்கம் என்பர். பல்கலைக்கழகப் படிப்பை முடித்த பிள்ளை இதனையே வாழ்நாள் தொழிலாகக் கொள்ளப்போவதாகக் கூறினால் ஆதரிப்பதா, தடுப்பதா? ஆம், இல்லை என்று உடனே தீர்ப்பளிப்பவர்களை நாம் நம்பவில்லை. எனினும் எமது எண்ணம் எப்பக்கம் சாய்கின்றது என்பதை மறைக்கவும் விரும்பவில்லை.

முதலில் தொழில் யாதெனப் பார்ப்போம். ஸ்காபரோவில் தமிழ் பேசும் பல் வைத்தியரை ஒருவர் கூகிளில் தேடுகின்றார். முதற் பக்கத்தில் வரும் பெயருக்கும் மூன்றாம் பக்கத்தில் கிடக்கும் பெயருக்கும் உள்ள வேறுபாடு, பிரதான வீதியிலுள்ள கடைக்கும் பின்னொழுங்கையிலுள்ள கடைக்கும் உள்ள வேறுபாடே. காசு கொடுத்து இடும் விளம்பரம் வேறு. காசு நின்றதும் அதுவும் மறையும். விளம்பரமின்றித் தானாகவே மேலே வரும்படி இணையத்தளத்தைச் செப்பனிடுவதே இத்தொழில். தளம் விரைந்து திறக்கின்றதா, கைத்தொலைபேசியில் ஒழுங்காகத் தெரிகின்றதா, மக்கள் தேடும் சொற்கள் தலைப்பில் உள்ளனவா, மதிப்புள்ள பிற தளங்கள் இதற்கு இணைப்புக் கொடுக்கின்றனவா என்பனவற்றை ஆராய்ந்து திருத்துவதே அன்றாட வேலை.

அகதிக் குடும்பங்களுக்கு இத்தொழிலில் ஒரு கவர்ச்சி உண்டு. அதனை நாம் இழிவாகக் கருதவில்லை. ஊரில் வைத்தியராகவும் பொறியியலாளராகவும் இருந்தவர்கள் வந்த நாட்டின் அனுமதிப் பத்திரம் கிடைக்காது தொழிற்சாலைகளிலும் உணவகச் சமையலறைகளிலும் ஆண்டுகளைக் கழித்ததை நாம் எல்லோரும் கண்டிருக்கின்றோம். இத்தொழிலுக்கோ அனுமதிப் பத்திரம் தேவையில்லை. பட்டச் சான்றிதழைக் கேட்பவரும் குறைவு. ஒரு கணினியும் இணைய இணைப்பும் போதும். கைக்குழந்தையுடன் இருக்கும் தாய் வீட்டிலிருந்தே இதனைச் செய்யலாம்.

ஆனால் இத்தொழிலின் வரலாறு அமைதியானதன்று. 1998இல் லாரி பேஜ், சேர்ஜி பிரின் ஆகிய இருவரும் கூகிளைத் தொடங்கியபோது, ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பிற கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டுகின்றனவோ அவ்வளவுக்கு அதன் மதிப்பு உயரும் என்ற பழைய கல்வியுலக வழக்கத்தையே இணையத்தளங்களுக்கும் பொருத்தினர். இணைப்பு மிகுந்தால் மதிப்பு மிகும் என்றதும், இணைப்புகளை விலைக்கு விற்கும் சந்தையொன்று முளைத்துவிட்டது. பின்பு தண்டனைகள் வந்தன. 2006 பெப்ரவரியில் பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் ஜேர்மன் தளத்தையே கூகிள் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. தேடுபொறிக்கு ஒரு பக்கத்தையும் வாசகருக்கு வேறு பக்கத்தையும் காட்டியது என்பதே குற்றச்சாட்டு. சில நாட்களில் அது மீண்டும் சேர்க்கப்பட்டது. பெரிய இடத்து விவகாரம் அல்லவா! எமது சிறு வியாபாரிகளின் தளமாக இருந்தால் அத்தனை விரைவில் வழி பிறந்திருக்குமா என்பது ஐயமே.

2011 பெப்ரவரியில் ‘பாண்டா’ என்ற பெயரில் வந்த மாற்றம், அமெரிக்காவில் நிகழ்ந்த தேடல்களில் ஏறத்தாழ 12 சதவீதத்தைப் பாதித்ததாகக் கூகிளே அறிவித்தது. மலிவான கட்டுரைகளை ஆயிரக்கணக்கில் எழுதிக் குவித்த நிறுவனங்கள் அத்துடன் சரிந்தன. 2012 ஏப்ரலில் வந்த ‘பென்குயின்’ மாற்றம் இணைப்பு வாங்கியோரைத் தாக்கியது. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் இவ்வாறே. ஒவ்வொரு முறையும் அதுவரை கற்ற வித்தையில் ஒரு பகுதி பயனற்றுப் போனது. குத்தகைக் காணியில் கிணறு வெட்டித் தோட்டம் செய்தவனின் நிலையை எண்ணிப் பாருங்கள். பயிர் அவனுடையது, வியர்வை அவனுடையது, காணி வேறொருவருடையது. அந்தக் காணிக்காரரும் அநேகமாக ஒருவரே. தேடுதற் சந்தையில் கூகிள் சட்டவிரோதமான ஏகபோகத்தைப் பேணியது என 2024 ஆகஸ்டில் அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது இங்கு கவனிக்கத்தக்கது.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துள்ளது. 2022 நவம்பரில் சட்ஜிபிடி வெளிவந்தது. 2024 மே மாதத்தில் கூகிள் தானே விடையைத் தொகுத்துத் தேடற் பக்கத்தின் உச்சியில் இடுவதை அமெரிக்காவில் பரவலாக்கியது. விடை அங்கேயே கிடைத்துவிட்டால் கீழேயுள்ள தளங்களை எவர் திறப்பர்? இத்தொழில் செத்துவிட்டது என்ற அறிவிப்பு பாண்டாவின் போதும் வந்தது, பென்குயினின் போதும் வந்தது, தொழில் சாகவில்லை. இம்முறையும் முற்றாகச் சாகும் என நாம் கருதவில்லை. பல் வலி வந்தவர் எவ்வழியிலேனும் வைத்தியரைத் தேடவே செய்வார்; அவர் தேடும் இடத்தில் வைத்தியரின் பெயர் இருக்க வேண்டும்.

எமது கவலை வேறு. இத்தொழிலின் முதற்படியாக இருந்தது எளிய எழுத்து வேலை. குறித்த சொற்களை வைத்து 500 சொற்களில் கட்டுரை எழுதுவது, தலைப்புகளைத் திருத்துவது போன்றவற்றால் இளையோர் உள்ளே நுழைந்து, பின்பு மேலே ஏறினர். இயந்திரம் இன்று முதலிற் கைவைத்திருப்பது அந்தப் படியிலேயே. மேல்மாடியில் இருப்பவர்களுக்கு இதனால் உடனடி ஆபத்தில்லை. இப்போது ஏற வருபவர் எம் பிள்ளை.

ஆதலால், எஸ்.இ.ஓ.வை மட்டும் கற்று அதனையே முப்பது ஆண்டுத் தொழிலாக நம்புவதை நாம் ஆதரிக்கவில்லை. நிரலாக்கம், புள்ளிவிபரம், நல்ல எழுத்து, வணிகம் ஆகியவற்றுள் ஒன்றிலேனும் ஆழமாகக் காலூன்றிய பிள்ளை அதனுடன் இதனையும் கற்பதாயின் தாராளமாகக் கற்கட்டும். கூகிள் விதியை மாற்றினாலும் அத்தகைய பிள்ளையின் கையில் வேறொரு தொழில் எஞ்சும். பல் வைத்தியருக்குத் தேவைப்படுவதும் முதலிடமன்று, நோயாளிகளே. அந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டவருக்கு இனியும் வேலை உண்டு.

பயிற்சி வகுப்புகள் பற்றியும் ஒரு சொல். மூன்று மாதத்தில் நிபுணராக்கி வேலையும் எடுத்துத் தருவோம் என்போரிடம், இரண்டாவது வேலை செய்து சேர்த்த காசைக் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். கூகிளே தனது அடிப்படைக் கையேட்டை இலவசமாக வெளியிட்டுள்ளது. முதலிடத்தை எவராலும் உறுதிப்படுத்த முடியாது என்றும், செய்த திருத்தங்களின் பயன் தெரியப் பெரும்பாலும் 4 மாதம் முதல் ஓராண்டு வரை செல்லும் என்றும் அதே நிறுவனம் எழுதிவைத்திருக்கின்றது. மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு ‘முதலிடம் நிச்சயம்’ என்போரைக் கடைக்காரர்களும் இதைக்கொண்டே எடைபோடலாம்.

கற்க விரும்பும் இளையோருக்கு எம்மிடமே ஒரு பயிற்சிக்களம் உண்டு. எமது ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் முன்பு ‘பாமினி’ எழுத்துருவில் தட்டச்சிட்டு இணையத்தில் இட்ட பக்கங்கள் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், தேடுபொறிக்கு அவை பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே. ஊரின் பெயரை யுனிகோட் தமிழில் தேடுபவருக்கு அப்பக்கங்கள் அகப்படா. அவற்றை யுனிகோட்டுக்கு மாற்றி, தலைப்பிட்டு, ஒழுங்குசெய்து, ஆறு மாதத்தின் பின் எத்தனை பேர் தேடி வந்தனர் எனக் கணக்கெடுக்கலாம். சங்கத்தால் சம்பளம் கொடுக்க இயலாதுதான். முன்னனுபவம் உண்டா என்று நேர்முகத் தேர்வில் கேட்கும்போது காட்டுவதற்கு அந்தக் கணக்கு இருக்கும்.