இரண்டு கட்டைக்கு வெளியே ஒரு டின் விசில்

டின் விசில் கற்றவர் எல்லோரிடமும் டி குழல் ஒன்று இருக்கும். அயர்லாந்தின் ரீல், ஜிக் மெட்டுகளில் பெரும்பாலானவை டி, ஜி ஆகிய இரண்டு சுருதிகளிலும் அவற்றின் உறவுச் சுருதிகளிலும் அடங்கிவிடுகின்றன. அங்கே ஒருவர் அந்த ஒரு குழலோடு ஆயுளைக் கழித்துவிடலாம். நமக்கு அது போதாது. பாடகர் மூன்று கட்டையில் நிற்பார்; ஒலிப்பதிவுக் கூடத்தில் ஆறரை கேட்பார்கள்; மாணவர் 'டைட்டானிக்' பாட்டோடு வந்து நிற்பார். செலின் டியோன் பாடிய அந்தப் பாட்டு ஈ மேஜரில், அதாவது மூன்று கட்டையில் தொடங்கி, ஐந்தரைக்கு ஏறி முடிகிறது. இரண்டு கட்டைக் குழலை வைத்துக்கொண்டு அசல் பதிவோடு சேர்ந்து அதை வாசிப்பது பெரும்பாடு.

அப்போது வேறு சுருதியில், கைக்கு அடங்கிய விலையில் ஒரு குழல் தேடுகிறோம். பலரும் செய்வது ஒன்றே: தங்கள் டி குழலைச் செய்த நிறுவனம் எதுவோ, அதனிடமே மற்ற சுருதியையும் வாங்கிவிடுகிறார்கள். இந்தப் பழக்கத்தை விட்டுவிடும்படி இந்த இதழ் வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறது. விசில் செய்பவர்களின் பெயர் டி குழலால் வந்த பெயர். அதிகம் விற்பதும் திரும்பத் திரும்பத் திருத்தப்படுவதும் அதுதான். மற்றச் சுருதிகளுக்கு அந்த உழைப்பு கிடைத்திருக்கும் என்று எண்ணக் காரணமில்லை. ஒவ்வொரு சுருதிக் குழலையும் தனிக் கருவியாகவே எடைபோட வேண்டும்.

எந்தச் சுருதி வேண்டும் என்பதிலேயே முதல் பிழை நேர்கிறது. ஆறு துளைகளையும் மூடினால் எந்த ஸ்வரம் ஒலிக்கிறதோ, அதுவே டின் விசிலின் பெயர். ஆறு துளைப் பான்சுரியில் மேல் மூன்று துளைகளை மூடிய இடம் ஷட்ஜம், குழலின் பெயரும் அதுவே. ஆறையும் மூடினால் கீழ்ப் பஞ்சமம். ஆகவே ஐந்து கட்டைப் பான்சுரிக்கு இணையான விரல் ஒழுங்கு டி விசிலில்தான் இருக்கிறது. பான்சுரிக் கணக்கில் ஜி விசில் கேட்டு வாங்கியவர் கையில், டி விசிலைவிட நாலாம் ஸ்வரம் உயர்ந்த, விரல்கள் நெருக்கியடிக்கும் சின்னக் குழல் வந்து சேரும்.

இதே ஒழுங்கில் ஒரு லாபமும் இருக்கிறது. எந்த விசிலிலும் இரண்டு ஷட்ஜங்கள் வசதியாகக் கிடைக்கும். ஆறும் மூடிய இடத்தை ஷட்ஜமாகக் கொண்டால், விரல்களை ஒவ்வொன்றாக எடுக்கச் சங்கராபரணம் தானே வரும். மூன்று மூடிய இடத்தைக் கொண்டால், சுத்த மத்யமத்துக்கு மட்டும் முதல் துளையைத் திறந்து அடுத்த இரண்டை மூட வேண்டும். எனவே பி பிளாட் குழல் ஆறரைக்கும் இரண்டரைக்கும் ஆகும். ஈ பிளாட் குழல் இரண்டரைக்கும் ஐந்தரைக்கும், எஃப் குழல் நாலுக்கும் ஆறரைக்கும், ஏ குழல் ஆறுக்கும் இரண்டுக்கும். 'டைட்டானிக்' மாணவருக்கு ஈ குழலும் ஈ பிளாட் குழலும் இருந்தால் பாட்டின் தொடக்கமும் முடிவும் கைக்குள் வந்துவிடும். இப்படிக் கணக்குப் போட்டால், வாங்க நினைத்த நாலு குழல் இரண்டாகக் குறைவதும் உண்டு. ஒரே பெட்டியில் எல்லாச் சுருதியும் வரும் செட்டுகளை வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அதில் பாதி உறையைவிட்டு வெளியே வருவதில்லை.

இனி குழாய்க்கு வருவோம். சுருதி ஒரு ஸ்வரஸ்தானம் இறங்கக் குழலின் நீளம் ஏறக்குறைய 6 சதவீதம் கூட வேண்டும். டி குழலில் ஒலிவாயிலிருந்து அடிமுனை வரை சுமார் 26 சென்டிமீட்டர் என்றால், பி பிளாட்டுக்கு 33 ஆகும். நீளத்தோடு உள்விட்டமும் அளவாக மாறினால்தான் இரண்டு ஸ்தாயியும் சமனாக ஒலிக்கும். ஆனால் அடுத்தடுத்த சுருதிகளுக்கு ஒரே குழாயை வெட்டிக்கொள்வது செய்பவருக்குச் செலவு மிச்சம். விலை குறைந்த குழலில் இதை எதிர்பார்த்தே போக வேண்டும். நீளத்துக்கு உள்விட்டம் குறுகியிருந்தால் தாரஸ்தாயி தொட்டதும் வரும். கீழ் ஸ்வரங்கள் மெலிந்து, கொஞ்சம் அழுத்தி ஊதினாலே மேலே தாவிவிடும். விட்டம் அகன்றிருந்தால் கீழே நல்ல கனம் இருக்கும், மேலே போக மூச்சைக் கொட்ட வேண்டும். டியில் இனிமையாக இருந்த ஒரு வகை, எஃப் அல்லது ஜியில் காதைக் குத்துவதற்கு முக்கியக் காரணங்களில் இது ஒன்று.

விலை குறைந்த குழல் என்பதால் தரம் குறைந்தது என்று ஒதுக்க வேண்டியதில்லை. மேரி பெர்கின் போன்ற பெரிய கலைஞர்கள் கடையில் கிடைக்கும் சாதாரணக் குழல்களில்தான் பெயர் பெற்றார்கள். இங்கிலாந்தின் ராபர்ட் கிளார்க் 1843-இல் தொடங்கிய மரபில் வரும், அடி நோக்கிக் குறுகும் தகரக் குழலும் மலிவானதே. அது டி, சி இரண்டில் மட்டும் வருவதால் இந்தப் பேச்சுக்கு உதவாது. ஜெனரேஷன் குழல்கள் பி பிளாட், சி, டி, ஈ பிளாட், எஃப், ஜி என ஆறு சுருதிகளில் கிடைக்கின்றன. பித்தளை அல்லது நிக்கல் பூசிய குழாய், பிளாஸ்டிக் தலை. ஒன்றுக்கு ஒன்று தரம் மாறும் என்பது எல்லோரும் அறிந்தது. ஆனாலும் அவர்களுடைய பி பிளாட், இந்த விலையில் நான் கேட்ட குழல்களில் மிக நல்லது. நடுஸ்தாயியில் அதன் நாதம் கனிவாக, பாடுகிற குரலோடு ஒட்டி நிற்கும். ஏ, ஈ வேண்டுமென்றால் அமெரிக்காவின் சுசாட்டோ பிளாஸ்டிக் குழல்கள் இருக்கின்றன. சுருதி சுத்தம், ஒலி பெரிது, மூச்சும் அதற்கேற்பக் கேட்கும். மேடைக்கு ஆகும், மென்மையான பாட்டுக்குப் பின்னே வாசிப்பதென்றால் மைக்கைத் தள்ளி வைக்க வேண்டியிருக்கும்.

கையில் எடுத்ததும் வேகமான மெட்டை வாசித்துப் பார்க்கக் கூடாது. வேகத்தில் எல்லாக் குழலும் நன்றாகவே தோன்றும். ஆறு துளையும் மூடி, கீழ் ஸ்வரத்தை மெல்லத் தொடங்கி, மூச்சைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். தாவுவதற்கு முன் எவ்வளவு தாங்குகிறது என்பதில் குழலின் குணம் பாதி தெரிந்துவிடும். பிறகு ஸ்தாயிகளின் பொருத்தம். ஒவ்வொரு ஸ்வரத்தையும் கீழும் மேலுமாக, சுருதிப்பெட்டியை வைத்துக்கொண்டு ஊதிப் பாருங்கள். ட்யூனரின் முள்ளைவிடச் சுருதிப்பெட்டி நல்லது, ஏனெனில் ட்யூனரைப் பார்த்தால் நம்மை அறியாமல் மூச்சால் சரிக்கட்டிவிடுவோம். மேல் ஸ்வரம் இயல்பான மூச்சில் நிற்கிறதா, உந்தித்தான் சேர்க்க வேண்டியிருக்கிறதா என்பதே கேள்வி. எல்லா ஸ்வரமும் ஒரே அளவு ஏறியோ இறங்கியோ இருந்தால் தலையை நகர்த்திச் சரிசெய்யலாம். ஒரு ஸ்வரம் மட்டும் ஏறியிருந்தால் அந்தத் துளையின் மேல் விளிம்பில் சிறு டேப் ஒட்டி இறக்கலாம். ஸ்தாயி பொருந்தாத குழலுக்கு நம் கையில் வைத்தியம் இல்லை. நாதம் எவ்வளவு இனித்தாலும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். குழலுக்குள் காற்று சூடேறினால் சுருதி ஏறும். ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 3 சென்ட், ஒரு ஸ்வரஸ்தானம் என்பது 100 சென்ட். 20 டிகிரியில் சுருதி சேர்த்த குழலை 32 டிகிரியில் ஊதினால் கணக்குப்படி 30 சென்ட்டுக்கு மேல் ஏறும். மூச்சுச் சூடு உள்ளே முன்பே இருப்பதால் நடப்பில் கொஞ்சம் குறையும், ஆனாலும் காதுக்குத் தெரியும். குழலை இறக்க வேண்டுமானால் தலையை வெளியே இழுக்க வேண்டும். மலிவுக் குழல்களில் தலை பசையால் ஒட்டப்பட்டிருக்கும். தலைப்பகுதியைச் சூடான நீரில் அரை நிமிடம் வைத்து, துணி சுற்றி மெல்லத் திருகினால் பசை விட்டுவிடும். நீர் கொதிக்கக் கூடாது. குளிரூட்டிய ஒலிப்பதிவுக் கூடத்தில் நிலைமை நேர் எதிர்: முதல் டேக்கில் இறங்கியிருந்து போகப் போக ஏறும். கையில் வைத்துச் சூடேற்றிக்கொண்டு உட்காருங்கள்.

ஜெனரேஷன் தலைகளில் காற்றுவழியின் கீழே ஒரு பள்ளம் இருக்கும். அதை ப்ளூ டாக் போன்ற பிசினால் மட்டமாக நிரப்பினால் கீழ் ஸ்வரம் உறுதிப்படும், மேலே கரகரப்பு குறையும். அச்சில் வார்த்தபோது நின்ற பிசிறுகளை மரக்குச்சியால் எடுக்கலாம். காற்றை வெட்டும் கத்திமுனையில் மட்டும் எதுவும் படக்கூடாது.

என் யோசனை, முதலில் பி பிளாட். அதில் விரல்கள் விரிந்து பழகிய பிறகு ஏ. ஈ பிளாட், எஃப் இரண்டும் தேவை வந்தால் மட்டும். ஏ வாங்க வசதிப்படாதவர்கள், பி பிளாட் தலையில் சரியாகப் பொருந்தும் வெளிவிட்டமுள்ள பித்தளை அல்லது அலுமினியக் குழாயில் உடலைத் தாங்களே செய்துகொள்ளலாம். பி பிளாட் உடலின் துளைத் தூரங்களை ஒலிவாயிலிருந்து அளந்து, ஒவ்வொன்றையும் 6 சதவீதம் கூட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். குழாயைக் கொஞ்சம் நீளமாகவே வெட்டி, முதலில் கீழ் ஸ்வரத்தை ஏவுக்குக் கொண்டுவந்துவிட்டு, அடியிலிருந்து மேல்நோக்கித் துளையிடுங்கள். துளை முதலில் சிறிதாக இருக்கட்டும். அரத்தால் பெரிதாக்கப் பெரிதாக்க ஸ்வரம் ஏறும். அளவு மீறி ஏறிவிட்டால் டேப் ஒட்டித்தான் இறக்க முடியும்.