சிந்துவதைச் சேர்ப்போம்

மாதத்தின் முதல் வாரத்தில் நம் இல்லங்களில் மகிழ்ச்சி குடிகொள்கிறது. மூன்றாம் வாரத்தில் அது விடைபெற்றுச் சென்றுவிடுகிறது. நான்காம் வாரத்திலோ அண்டை வீட்டாரிடம் கைமாற்றுக் கேட்க நேரிடுகிறது. "வருமானம் போதவில்லை" என்று பெருமூச்செறிகிறோம். உண்மையிலேயே வருமானம் போதாத குடும்பங்கள் உண்டு. நாம் அதை மறுக்கவில்லை. ஆயினும், வந்த பணம் எவ்வழியே சென்றது என்று கேட்டால், விடை சொல்ல வல்லவர் நம்மில் எத்தனை பேர்?

இதை அறிய விரும்பி, நம் இல்லத்திலேயே ஒரு மாதம் கணக்கெழுதிப் பார்த்தோம். தேநீர் முதல் பள்ளிக் கட்டணம் வரை ஒன்றும் விடாமல் குறித்து வந்தோம். மாத முடிவில் கூட்டிப் பார்த்தபோது நாணமே மேலிட்டது. பெருஞ்செலவுகள் யாவும் எண்ணியபடியே இருந்தன. நம்மை ஏமாற்றியவை சிறு செலவுகளே. மலிவென்று வாங்கி, வாடிக் குப்பைக்குப் போன காய்கறிகள். வீட்டில் இருப்பதை மறந்து மீண்டும் வாங்கிய மளிகைப் பொருள்கள். நடந்து செல்லக்கூடிய தொலைவுக்கு ஆட்டோ. கைப்பேசியைத் தொட்டவுடன் வாசலுக்கு வந்து சேர்ந்த பலகாரங்கள். இவை நாளொன்றுக்குச் சுமார் 50 ரூபாயாயின. இவற்றால் நாம் அடைந்த இன்பம் யாதென்று எண்ணிப் பார்த்தோம். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

சிக்கனம் என்றவுடன் சிலர் அஞ்சுகின்றனர். பிள்ளைகளின் பாலைக் குறைப்பதும், நோயாளிக்குப் பழம் மறுப்பதும் சிக்கனம் அல்ல, அது கஞ்சத்தனம். பயனற்ற செலவை நிறுத்திப் பயனுள்ள செலவுக்கு இடம் செய்வதே சிக்கனம்.

60 வாட் குண்டு பல்பு நாள்தோறும் 5 மணி நேரம் எரிந்தால், 30 நாளில் 9 யூனிட் செலவாகும். ஏறத்தாழ அதே ஒளி தரும் 9 வாட் எல்.இ.டி. விளக்குக்கு ஒன்றரை யூனிட்கூட ஆவதில்லை. வெளிச்சம் குறைந்ததா? இல்லை. கொண்டைக்கடலையை முந்திய இரவே ஊறவைத்து, குக்கரில் முதல் விசில் வந்ததும் அடுப்பைத் தணித்தால் எரிவாயு மிஞ்சும். சுவை குறைந்ததா? அதுவும் இல்லை. நொடிக்கொரு சொட்டாகக் கசியும் குழாய் ஒரு நாளில் சுமார் 20 லிட்டர் நீரை வீணாக்கும். ஒரு வாஷரை மாற்றினால் போதும். கடைக்குப் புறப்படுமுன் டப்பாக்களைத் திறந்து பார்த்துப் பட்டியல் எழுதுவதற்கு ஐந்து நிமிடம் போதும். மீந்த இட்லி மாலையில் உப்புமாவாகலாம். ஐயாயிரம் பேரின் பசியாற்றிய நம் ஆண்டவரே, மீந்த துண்டுகள் வீணாகாதபடி சேர்க்கச் செய்தாரன்றோ? அவை 12 கூடைகளை நிரப்பின.

"இச்சில்லறையில் என்ன ஆகிவிடும்?" என்று கேட்கலாம். நாளுக்கு 50 ரூபாய், மாதத்துக்கு 1,500 ரூபாய். இனி மற்றொரு கணக்கைப் பாருங்கள். பிள்ளையின் புதுநன்மை விழாவுக்கென்று ஒருவர் மூன்று வட்டிக்கு 50,000 ரூபாய் கடன் வாங்குகிறார். மாதந்தோறும் அவர் செலுத்தும் வட்டியும் அதே 1,500 ரூபாய்தான்! மூன்றாண்டுகளில் 54,000 ரூபாய் செலுத்திய பின்பும், வாங்கிய 50,000 அப்படியே கடனாக நிற்கும். அதே 1,500 ரூபாயை மூன்றாண்டுகள் முன்னதாகவே சேர்த்து வந்தவரோ, விழாவையும் நடத்தி, அன்றிரவு நிம்மதியாக உறங்குவார். இருவரும் இழந்த பணம் ஒன்றே. ஒருவர் விழாவுக்கு முன் சேர்த்தார், மற்றவர் விழாவுக்குப் பின் அழுதார்.

ஆகவே, செலவு போக மிஞ்சியதைச் சேமிப்போம் என்று காத்திராமல், சம்பளம் வந்த அன்றே ஒரு தொகையைத் தனியே எடுத்து வைத்தல் நலம். அஞ்சலகத் தொடர் வைப்புக் கணக்கில் மாதம் 100 ரூபாய் முதலே சேமிக்கலாம். அது ஐந்தாண்டுத் திட்டமாயினும், மூன்றாண்டுகளுக்குப் பின் அவசியம் நேர்ந்தால் முடித்துக்கொள்ளவும் இயலும்.

இப்பொறுப்பை இல்லத்தரசியின் தலையில் மட்டும் சுமத்தலாகாது. குடும்பத்தலைவரின் தேநீர்க்கடைச் செலவும் கணக்கில் ஏற வேண்டும். பிள்ளைகளும் அதைப் பார்க்க வேண்டும். நம் இல்லத்துக் கணக்கில் அந்தப் பகுதியே நீண்டிருந்தது என்பதை ஒளிப்பானேன்?

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. இன்றிரவு குடும்ப செபம் முடிந்தபின், ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து முதல் வரியை எழுதுங்கள். ஒரு மாதம் சென்று, அதை எல்லோரும் கூடி அமர்ந்து படித்துப் பாருங்கள். எங்கே சிந்துகிறது என்பது தெரிந்துவிட்டால், அடைப்பது கடினமன்று.