எந்தப் பள்ளி உயர்ந்த பள்ளி?

வருஷந்தோறும் மே மாதத்தில் பரீட்சை முடிவு வெளியானதும், திருவள்ளூர் ஜில்லாவில் கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, ஊத்துக்கோட்டை, பள்ளிப்பட்டு முதலிய ஊர்களில் கம்பந்தோறும் தனியார் பள்ளிகளின் விளம்பரத் தட்டிகள் முளைத்து விடுகின்றன. நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்பதும், கழுத்தில் டை கட்டிய பிள்ளைகளின் படமும்தான் அவற்றில் இருக்கின்றன. சிப்காட்டில் ஒப்பந்தக் கூலிக்குப் போகும் தகப்பன் அதைப் பார்க்கின்றான். தன் ஊர் சர்க்கார் பள்ளியின் விகிதத்தையும் பத்திரிகையில் பார்க்கின்றான். மறுநாளே வட்டிக்குக் கடன் வாங்கப் புறப்பட்டு விடுகின்றான். இந்த ஒப்பீடு யோக்கியமானதுதானா என்பதையே நாம் இங்கு விசாரிக்க ஆசைப்படுகின்றோம்.

ஒரு வைத்தியன் காய்ச்சல் முற்றியவர்களையெல்லாம் வாசலிலேயே திருப்பி அனுப்பி விட்டு, “என்னிடம் மருந்து தின்றவரில் ஒருவரும் சாகவில்லை” என்று தம்பட்டம் அடித்தால் அவனைக் கைராசிக்காரன் என்போமா? தனியார் பள்ளிகள் பலவற்றின் சங்கதி இதுதான். முதல் சல்லடை பணம். இரண்டாவது சல்லடை சேரும் பிள்ளைக்கு வைக்கும் பரீட்சை. அப்படிப் பரீட்சை வைத்துப் பொறுக்கக் கூடாதென்று 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் சொல்லுகின்றது. சட்டம் சொன்னால் போதுமா? மூன்றாவது சல்லடை ஒன்பதாம் வகுப்பில் இருக்கின்றது. தேறமாட்டான் என்று தோன்றிய பிள்ளையின் கையில் டி.சி.யைக் கொடுத்து அனுப்பி விடுகின்றார்கள். அந்தப் பிள்ளை எங்கே போகின்றது? சர்க்கார் பள்ளிக்குத்தான் போகின்றது. அது தவறினால் அந்தத் தோல்வி சர்க்கார் பள்ளியின் கணக்கில்தான் ஏறுகின்றது. மாநில ரேங்க் பட்டியல் வெளியிடுவதைச் சர்க்கார் 2017-ல் நிறுத்தியது நல்ல காரியமேயாகும். ஆனால் தட்டி வியாபாரம் நிற்கவில்லை.

இனி, இந்த ஜில்லாவில் சர்க்கார் பள்ளியில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று பார்ப்போம். ஒரிசாவிலிருந்து செங்கல் சூளைக்கு வந்து, மழைக்கு முன் ஊர் திரும்பும் குடும்பத்தின் பிள்ளை. சிப்காட்டுக்குப் பிழைக்க வந்த இந்திக்காரத் தொழிலாளியின் பிள்ளை. கும்மிடிப்பூண்டி முகாமிலுள்ள இலங்கைத் தமிழரின் பிள்ளை. ஜாதிச் சான்றுக்காகத் தாலுகா ஆபீசுக்கு நடந்து நடந்து கால் தேய்ந்த இருளரின் பிள்ளை. பழவேற்காட்டுச் செம்படவரின் பிள்ளை. 1960-ல் ஆந்திராவிலிருந்து வந்து சேர்ந்த திருத்தணிப் பக்கத்தில் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளை. இத்தனை பேரையும் ஓர் உபாத்தியாயர் சில இடங்களில் இரண்டு மூன்று வகுப்புகளாகச் சேர்த்து வைத்துக்கொண்டு கற்பிக்கின்றார். ஒடியாப் புத்தகம் வரவழைத்துச் சூளைக்குப் பக்கத்திலேயே வகுப்பு நடத்தியதும் இதே ஜில்லாவில்தான். எந்தத் தனியார் பள்ளி இந்த வேலையைச் செய்ய முன்வந்தது? இந்தப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்ததற்கு எத்தனை மார்க் போடுவது என்று எந்தத் தட்டியாவது சொல்லுகின்றதா?

வெள்ளைக்காரன் வருவதற்கு முன் ஊருக்கு ஊர் பள்ளி இருந்ததே என்று பழம்பெருமை பேசுகின்றவர்கள் ஒரு புள்ளியைக் காட்டுவார்கள். தாமஸ் மன்றோ 1822-ல் உத்தரவிட்டு, கலெக்டர்கள் ஜாதிவாரியாக எடுத்த கணக்கு அது. 1826-ல் அவர் எழுதிய குறிப்பின்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளில் 1,88,650 பேர் படித்தார்கள். வாஸ்தவமே. அதில் பெண்கள் எத்தனை பேர்? 4,540 பேர்! நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லாத இந்தக் காலத்தைத்தான் பொற்காலமென்று நம்மை நம்பச் சொல்லுகின்றார்கள்.

இந்த ஊர்களில் பெரும்பாலானவை அன்று செங்கற்பட்டு ஜில்லாவில் இருந்தவை. அங்கே தாழ்த்தப்பட்டார் பட்ட கஷ்டத்தை 1891-ல் கலெக்டர் திரமென்ஹீர் சர்க்காருக்கு எழுதினார். பொதுப் பள்ளியில் மேல்ஜாதிக்காரர் இடம் கொடுக்க மறுத்ததால்தான் பின்னர் லேபர் இலாகா தனிப் பள்ளிகள் திறக்க வேண்டியதாயிற்று. அந்த வழியில் வந்தவையே இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள். அன்று அவை கதவைத் திறந்தன என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பள்ளிப் பலகையும் சான்றிதழும் பிள்ளையின் ஜாதியை ஊருக்கு அறிவித்துக்கொண்டிருப்பது எதற்காக? இவற்றைப் பள்ளிக் கல்வி இலாகாவோடு சேர்ப்பதாக 2023 பட்ஜெட்டில் சொன்னார்கள். நீதிபதி சந்துரு குழுவும் பள்ளிப் பெயர்களில் ஜாதி கூடாதென்று 2024-ல் அறிக்கை கொடுத்தது. சேர்ப்பதை நாம் வரவேற்கின்றோம். ஆனால் சேர்க்கின்றோம் என்ற பெயரால் அப்பள்ளிகளின் நிலத்தையும் விடுதியையும் ஒதுக்கிய பணத்தையும் விழுங்கி விடுவார்களோ என்று தாழ்த்தப்பட்ட தோழர்கள் சந்தேகிப்பதை அலட்சியம் செய்யக் கூடாது. அவர்கள் ஏமாந்த சரித்திரம் நீளமானது.

2024-ல் சென்னையில் ஒரு சர்க்கார் பெண்கள் பள்ளிக்கே ஓர் ஆன்மீகப் பேச்சாளர் வந்து, ஊனம் முன்ஜென்மப் பாவத்தின் பலன் என்று பிள்ளைகளுக்கு உபதேசம் செய்தார். கண் பார்வையற்ற ஓர் உபாத்தியாயர்தான் எழுந்து அதை எதிர்த்துக் கேட்டார். அன்று நடந்ததில் பாடம் எனத் தக்கது அந்தக் கேள்வி ஒன்றே.

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. 1920-ல் தியாகராயர் சென்னை நகரசபைப் பள்ளியில் தொடங்கியது, 1956-ல் காமராசர் விரித்தது, 1982-ல் சத்துணவானது, 2022-ல் காலை உணவாயிற்று. கிராமங்களில் உதவி பெறும் பள்ளிகளுக்கும் அதை விஸ்தரித்தது 2024 ஜூலை 15-ல், இந்த ஜில்லாவின் கீழச்சேரியிலேயே. சர்க்கார் பள்ளிப் பிள்ளைக்கு வைத்தியப் படிப்பில் 2020 முதல் நூற்றுக்கு ஏழரை இடமும் உண்டு. வயிற்றுக்கும் மேல்படிப்புக்கும் வழி செய்தவர்கள், நடுவிலுள்ள வகுப்பறைக்கு ஆள் போடுவதில் மட்டும் ஏன் கை சுருக்க வேண்டும்?

அலகாபாத் ஹைகோர்ட் 2015-ல் ஒரு தீர்ப்புச் சொல்லிற்று. சர்க்கார் சம்பளம் வாங்குகிறவர் தம் பிள்ளைகளைச் சர்க்கார் ஆரம்பப் பள்ளிக்கே அனுப்ப வேண்டுமென்றது. அது காகிதத்தோடு நின்றது. இங்கேயும் உத்தியோகஸ்தர்களும், பஞ்சாயத்துப் பிரமுகர்களும், ஏன், சர்க்கார் பள்ளி உபாத்தியாயர்களில் பலருமே, தங்கள் பிள்ளைகளை எங்கே சேர்த்திருக்கின்றார்கள்?

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோரும், சரிபாதி பெண்களும் இருக்க வேண்டுமென்பது சட்டம். அந்தக் குழுவில் இருக்கும் தாய்மார்கள் வருகின்ற கிராமசபையில் எழுந்து, தங்கள் பள்ளியில் எத்தனை உபாத்தியாயர் இடம் காலி, எத்தனை மாதமாகக் காலி, பெண் பிள்ளைகளின் கக்கூசில் தண்ணீர் வருகின்றதா, ஒன்பதாம் வகுப்பில் எந்தெந்தப் பள்ளியிலிருந்து டி.சி.யோடு பிள்ளைகள் வந்தார்கள் என்று கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைக்கட்டும். பரீட்சை விகிதத்தை அச்சிடும் பத்திரிகைகள் இந்தப் பதில்களையும் பக்கத்திலேயே அச்சிடத் தயாரா என்று கேட்கின்றோம்.