காய்ச்சலுக்குப் பாடை கட்டாதீர்கள்

பழைய டெஸ்க்டாப் சூடாகி அணைந்தால் கடைக்காரர் பெட்டியைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. "பழசு சார், புதுசு வாங்கிடுங்க" என்கிறார். காய்ச்சல் வந்தவனுக்குப் பாடையா கட்டுவோம்? பிராசஸர் சாகவில்லை, சூட்டிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளவே அணைகிறது. பெரும்பாலும் குற்றவாளிகள் இரண்டே: ஹீட் சிங்க்கில் அடைத்த தூசி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட். பிளக்கைப் பிடுங்கி, பக்கத் தகட்டைக் கழற்றி, விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். பேஸ்ட்டை மெக்கானிக் மாற்றட்டும். புதுப் பெட்டியின் விலையில் அந்தச் செலவு ஒரு துளி. பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள்.

பிரெஞ்சில் கணினிக்கு 1955-இல் வைத்த பெயர் 'ஓர்தினாத்தர்': ஒழுங்குபடுத்துவது. அதன் வயிற்றை ஒழுங்காக வைப்பது நம் வேலை. பென்ஷன் வாங்கும் நண்பர்களே, மணிபர்ஸைத் திறக்குமுன் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள்!