நஞ்சுக்கொடியின் உயிரணுக் கணக்கு

பிரசவம் முடிந்ததும் நஞ்சுக்கொடி அப்புறப்படுத்தப்படுகிறது. தாயிடமிருந்து சிசுவுக்கு உணவையும் பிராணவாயுவையும் மாதக்கணக்கில் கொண்டு சேர்த்த உறுப்பு அது. சிசு வளர்ந்த சூழ்நிலையைப் பற்றி அது தரும் சாட்சியம் அருமையானது. அதைப் பிழையின்றிப் படிக்க என்ன தேவை என்பதைப் பற்றியே இங்குக் கூற விரும்புகிறோம்.

இத்துறை ஆராய்ச்சியில் மைசூரு நகரம் பெயர் பெற்றது. அங்குள்ள ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1934 முதல் குழந்தைகளின் பிறப்பு எடை, நீளம், தலைச் சுற்றளவு ஆகியவை குறித்து வைக்கப்பட்டன. எடை குறைந்து பிறந்தோரிடையே பிற்காலத்தில் இருதய நோய் மிகுதி என்பது அக்குறிப்புகளைக் கொண்டு 1996-ல் எடுத்துக்காட்டப்பட்டது. 1997-98-ல் அதே மருத்துவமனையில் கர்ப்பிணிகளைக் கொண்டு தொடங்கிய ‘பார்த்தினன்’ ஆய்வில், நூற்றுக்கு 43 தாய்மாரின் இரத்தத்தில் பி12 வைட்டமின் குறைவாயிருந்தது.

இவ்வைட்டமின், உடலில் மெதில் தொகுதிகளை வழங்கும் இரசாயன வழியில் பங்குகொள்வது. மெதில் தொகுதிகள் டி.என்.ஏ. இழையில் குறிப்பிட்ட இடங்களில் ஒட்டிக்கொண்டு, எந்த ஜீன் இயங்கவேண்டும், எது அடங்கியிருக்கவேண்டும் என்பதை நிர்ணயிப்பதில் உதவுகின்றன. ஆகவே தாயின் உணவுக் குறை விட்டுச்சென்ற தடயத்தை நஞ்சுக்கொடியின் டி.என்.ஏ.யில் தேடுவது இயல்பே.

ஆனால் நஞ்சுக்கொடி ஒரே வகை உயிரணுக்களால் ஆனதன்று. டிரோபோபிளாஸ்ட் உயிரணுக்கள், அவை ஒன்றோடொன்று இணைந்து உண்டாகி, தாயின் இரத்தத்தைத் தொட்டு நிற்கும் பல உட்கருக்கள் கொண்ட படலம், தாங்கு திசு உயிரணுக்கள், இரத்தக் குழாயின் உட்சுவர் உயிரணுக்கள், ஹோப்பவர் உயிரணுக்கள் முதலியன அதில் கலந்துள்ளன. ஒவ்வொரு வகைக்கும் தனித்த மெதில் அமைப்பு உண்டு.

ஓர் உதாரணம் கொள்வோம். டி.என்.ஏ.யின் ஓரிடத்தில் டிரோபோபிளாஸ்டுகளில் 20 சதவீதமும், தாங்கு திசுவில் 80 சதவீதமும் மெதில் ஏறியிருப்பதாக வைத்துக்கொள்வோம். இவ்விரு உயிரணுக்களும் 80-க்கு 20 என்ற விகிதத்தில் கலந்த துண்டில் மொத்த அளவு 32 சதவீதம். 70-க்கு 30 என்று கலந்த துண்டில் 38 சதவீதம். எந்த உயிரணுவிலும் மாற்றம் நிகழவில்லை, கலவைதான் மாறியது. இதை உணவின் விளைவென்று கொள்வது தவறான முடிவாகும்.

இக்கணக்கையே திருப்பிப் போட்டால் பரிகாரம் கிடைக்கிறது. ஒவ்வொரு வகையின் மெதில் அமைப்பும் முன்பே தெரிந்திருந்தால், கலவையின் அளவுகளிலிருந்து விகிதாசாரத்தைக் கணித்துவிடலாம். இரத்தத்துக்கு இம்முறை 2012-ல் வகுக்கப்பட்டது. நஞ்சுக்கொடிக்கு வேண்டிய ஆதாரப் பட்டியலைக் கனடாவின் வான்கூவர் நகர அறிஞர்கள், உயிரணுக்களை வகை பிரித்து அளந்து, 2021-ல் வெளியிட்டனர்.

அப்பட்டியலை அப்படியே மைசூருக்குப் பயன்படுத்தலாமா? சோதித்துப் பாராமல் பயன்படுத்துவது முறையன்று என்பதே எமது அபிப்பிராயம். மெதில் அமைப்பு, ஓரளவுக்குப் பரம்பரையாக வரும் ஜீன் வேறுபாடுகளையும் சார்ந்தது. மேலும், மெதில் வழங்கும் வழியிலேயே குறையுள்ள தாய்மாரை ஆராயும்போது, அளவுகோலும் அக்குறையால் பாதிக்கப்படவில்லை என்று உறுதி செய்துகொள்ளல் அவசியம்.

ஒவ்வோர் ஆய்வுக்கூடமும் உயிரணுக்களைப் பிரிப்பது வீண் செலவு என்று சிலர் கூறலாம். ஒவ்வொன்றும் செய்யத் தேவையில்லை. வான்கூவர் பட்டியலுக்கு முப்பதுக்கும் குறைவான நஞ்சுக்கொடிகளே போதுமாயிருந்தன. மைசூரு போன்ற மகப்பேறு மருத்துவமனைகளும், ஹைதராபாத்திலுள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையம் போன்ற ஆய்வு நிலையங்களும் ஒத்துழைத்தால், தாய்மாரின் சம்மதத்துடன் இந்திய ஆதாரப் பட்டியல் ஒன்றை அமைத்து எல்லோர்க்கும் பொதுவாக்கலாம். துண்டு எடுத்த இடம், குளிரூட்டும் வரை கழிந்த நேரம், தாயின் இரத்தம் கழுவப்பட்ட முறை ஆகியவற்றையும் ஒரே விதமாகப் பதிவு செய்தல் வேண்டும்.

விகிதாசார மாறுதலை வெறும் இடையூறாகவும் கருதலாகாது. ஊட்டக் குறையால் டிரோபோபிளாஸ்ட் படலம் குறைந்திருந்தால், அதுவே அறியத்தக்க உண்மை. கர்ப்பிணிகளுக்கு எந்த ஊட்டத்தை, எப்போது அளிப்பது என்ற ஆலோசனைகள் இவ்வாராய்ச்சிகளின் மீது எழுப்பப்படக்கூடியவை. ஆதலின் உயிரணுக் கணக்கை முதலில் சரிபார்த்துவிட்டு, அதன்பின் உணவைப் பற்றித் தீர்ப்புக் கூறுவதே தக்கது.